சுவாமியாருக்கு ஒரு கட்டிப் புகையிலை

இவருக்கு மணம் தெரியாமல் போய்விட்டது என்பதை எங்களுக்குக் காட்டித் தந்தது ஒரு கத்தரிக்காய்க் குழம்பு. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போயிருந்தேன். உடுப்பை அலசிக் கொடியில் போடும்போதே கருகல் நெடி அங்கே வந்துவிட்டது. ஓடி வந்து பார்த்தால், குசினி வாசலில் அடுப்புக்கு முதுகைக் காட்டிக் கதிரை போட்டு இருந்து, என் கணவர் ஆறுதலாகப் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

“குழம்பு கரியாய்ப் போச்சு. நீங்கள் பேப்பர் பாத்துக்கொண்டு இருக்கிறியள்!”

“அப்பிடியோ? எனக்கொண்டும் மணக்கேல்லையே” என்றார்.

கொரோனாக் காய்ச்சல் வந்து மாறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் கோப்பித்தூள் போத்தலைத் திறந்து மூக்கடியில் பிடித்தேன். தலையை ஆட்டினார். வெங்காயத்தை நசுக்கிக் காட்டினேன். கண்ணீர் வந்ததே தவிர மணம் வரவில்லை. கடைசியில் சாமி அறையில் இருந்து கற்பூரத்தை எடுத்து வந்தேன். அதற்கும் இல்லை. “மூக்கு இருக்கிற இடத்திலை ஒரு சுவர் கட்டின மாதிரிக் கிடக்கு” என்று சொல்லிவிட்டு, கருகின சட்டியைத் தானே எடுத்துப்போய்க் கிணற்றடியில் உரஞ்சினார்.

இவர் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்தவர். வேலையை விட்டுக் கரம்பொனில் எங்கள் வீட்டோடு வந்து தங்கியபோது கொண்டுவந்த சாமான்களில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான், அந்தச் சுங்கான். பழைய வெள்ளைக்காரத் துரைமார் வாயில் வைத்துக்கொண்டு நிற்பார்களே, அந்த வளைந்த பைப். வீட்டுக்குள் பற்றக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். மறுபேச்சுப் பேசாமல் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டார். ஆனால் அந்தப் புகையிலை அடைத்த தகர ரின்னைத் திறக்கும்போது வருகிற மணம் இருக்கிறதே, அது வேறு. பழமும் தேனும் பழைய மரப்பெட்டியும் கலந்த மாதிரி. இவர் வெளியே போன நேரங்களில் நானே திறந்து மணந்து பார்த்துவிட்டு மூடி வைத்ததுண்டு.

மணம் போன பிறகு சுங்கானும் இவருக்கு வேண்டாமல் போயிற்று. “வைக்கலைப் பத்தினாலும் ஒண்டுதான், இதைப் பத்தினாலும் ஒண்டுதான்” என்றார். மிச்சமிருந்த ரின்களை ஒரு பையில் போட்டு நெடுந்தீவுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அவை போய்ச் சேர்ந்தது நெடுந்தீவில் ஓய்வாக இருக்கும் ஒரு கத்தோலிக்கச் சுவாமியாரிடம். இவரும் அவரும் ஊர்காவற்றுறையில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருவர் கடலுக்குப் போனார், மற்றவர் கோயிலுக்குப் போனார். இவர்தான் எங்கோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்து அவருக்கும் ஒரு சுங்கான் கொடுத்துப் பழக்கிவிட்டது. தனிமையில் இருக்கிற மனுசனுக்கு அதுவும் ஒரு துணையாக இருக்கட்டும் என்று நானும் பேசாமல் விட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்ததுதான் கடைகளில் ஒன்றுமே கிடைக்காமல் போன காலம். பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வரவில்லை. அப்போது ஒருநாள் சுவாமியார் போன் எடுத்தார். போனில் அவர் கதைத்தால் பக்கத்து வளவுக்கும் கேட்கும்.

“மச்சான், நீ தந்த ரின் முடிஞ்சு கனகாலம். சுருட்டைப் பிச்சுச் சுங்கானுக்குள்ளை போட்டுப் பாத்தனான். இருமி இருமிப் பூசையும் வைக்க ஏலாமல் போச்சு. பேந்து துளசி மாதிரி மணக்கிற கஞ்சாங்கோரை இலையைக் காய வைச்சுப் போட்டன். சமைக்க வாற அக்கா, ‘சுவாமி, நுளம்புக்குப் புகை போடுறியளோ’ எண்டு கேக்கிறா.”

இவர் நெடுநேரம் சிரித்தார். காய்ச்சலுக்குப் பிறகு அப்படிச் சிரித்ததை நான் காணவில்லை. போனை வைத்துவிட்டு, “இஞ்சாரும், ஃபாதருக்கு நாங்கள் ஒரு கட்டிப் புகையிலை செய்து குடுப்பம்” என்றார். கப்பல் வேலைக்காலத்தில் ஒரு துறைமுக நகரத்துச் சிறிய கடையில், புகையிலையைக் கலந்து பெட்டிக்குள் இறுக்கி, கேக் மாதிரிக் கட்டியாக்கி வெட்டி விற்பதைப் பார்த்திருக்கிறாராம்.

“மணமே தெரியாத ஆள் என்னெண்டு செய்யப் போறியள்?”

“உமக்குத் தெரியுந்தானே. மூக்கு உம்முடையது, நாக்கு என்னுடையது.”

புகையே பிடிக்காத நான் புகையிலை வேலைக்குள் போனது இப்படித்தான்.

இலைக்கு நாங்கள் தூரம் போகவில்லை. எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம் புகையிலைத் தோட்டம். அதைச் செய்கிற தம்பிக்கு நாற்பது வயது இருக்கும். நான் ரீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவர். அவர் தந்த முதல் கட்டு, குடிலுக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை காட்டிப் பதப்படுத்திய, வெற்றிலையோடு போடுகிற கறுத்த இலை. இவர் அதை அப்படியே நறுக்கிச் சுங்கானில் அடைத்து வேப்பமரத்தடியில் இருந்து பற்ற வைத்தார். மூன்றாவது இழுப்பில் விக்கல் பிடித்துக்கொண்டது. நெற்றி எல்லாம் வேர்வை. கதிரையை விட்டு இறங்கி மண்ணிலேயே மல்லாந்து படுத்துக்கொண்டார்.

வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த தம்பி பதறிப் போனார். “ரீச்சர், அண்ணைக்கு என்ன?”

“உம்முடைய புகையிலைதான். தேசிக்காய்த் தண்ணி கரைக்கப் போறன்.”

“ஐயோ, உது வாய்க்குள்ளை அடக்கிறது. உதைப் பத்துறதோ! பொறுங்கோ, செடியின்ரை அடி இலை தாறன். அதிலை காரம் இல்லை, நாங்கள் எறியிறது.”

அந்த அடி இலைகளை நான் பின் விறாந்தையில் கயிறு கட்டி நிழலில் காயப் போட்டேன். அவை மஞ்சளாகி, பிறகு வெளிறின மண்நிறமாகின. மணந்து பார்த்தேன். வைக்கோல் மணம். அது மட்டும் போதாது. நடு இலை கொஞ்சம் கேட்டு வாங்கி வெயிலில் காய வைத்தேன். அதில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு மணம் இருந்தது. கறுத்த புகையிலையைத் தண்ணீரில் போட்டுக் காரம் இறக்கி, பாயாசத்துக்கு உப்புப் போடுகிற மாதிரி ஒரு கிள்ளு மட்டும் சேர்த்தேன். நரம்பை உரித்து, மூன்றையும் சுளகில் போட்டுக் கைகளால் கலந்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த ரின்னின் மணம் இல்லை. ஆனால் அதன் ஒன்றைவிட்ட தங்கச்சி என்று சொல்லலாம்.

“என்ன மணக்குது?” என்று இவர் பக்கத்தில் நின்று கேட்டார்.

“நல்லாயிருக்கு.”

“நல்லாயிருக்கு எண்டால் எனக்கு என்ன விளங்கும்? சரியாய்ச் சொல்லும்.”

யோசித்தேன். “மாரி மழை விட்ட பிறகு வைக்கல் போருக்குக் கிட்டப் போனால் ஒரு மணம் வருமே, அது. அதோடை கொஞ்சம் பழைய புத்தகம்.”

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “ஓம், விளங்குது” என்றார். அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. நான் மணந்து சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கலியாணம் முடித்த பிறகு பாதிக் காலம் அவர் கடலில் இருந்தவர். இவ்வளவு கவனமாக என் கதையை அவர் கேட்டது அந்த மாதங்களில்தான்.

இலையை இறுக்குவதற்கு முதல் இளக்க வேண்டும். நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பிட்டு அவிக்கிற என் நீத்துப்பெட்டியில் இலையைப் போட்டு இவர் ஆவியில் அவித்துவிட்டார். வந்து பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தில் நீத்துப்பெட்டியை அப்படியே அவர் கையில் கொடுத்து, “இனி இது உங்கடை. பிட்டுக்கு நான் வேறை வேண்டுறன்” என்றேன். அவர் அதைப் பரிசு மாதிரி வாங்கிக்கொண்டார். பனங்கட்டியைக் கரைத்து, ஊற வைத்த முந்திரிகை வற்றலை, அதுதான் காய்ந்த திராட்சை, பிழிந்து, தோடம்பழத் தோல் போட்டுக் காய்ச்சி வடித்த பாணியை நான்தான் இலைக்குத் தெளித்தேன். கப்பல்காரரின் புகையிலைக்கு றம் ஊற்றுவார்களாம். றம்முக்கு நாங்கள் எங்கே போவது? பனஞ்சாராயம் ஒரு கரண்டி.

பிறகுதான் இறுக்குகிற வேலை. பேக்கரிப் பாண் அளவில் பனம்பலகையில் பெட்டி ஒன்று செய்து, இலையை அடுக்கி, மேலே பொருந்துகிற மாதிரிப் பலகை வைத்தார். அதற்கு மேலே பாரம் வேண்டும். அம்மிக்கல்லை வைப்போம் என்றேன். எஞ்சினியருக்கு அம்மிக்கல்லில் மதிப்பில்லை. காரின் ஜாக்கியை எடுத்து வந்தார். பெட்டியைக் குசினி நிலத்தில் வைத்து, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி, ஜாக்கியின் தலைக்கு மேலே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, அந்தக் கட்டையைக் கூரையின் தீராந்தி மரத்தில் பொருத்தினார். பிறகு ஜாக்கியின் கையைச் சுழற்றத் தொடங்கினார்.

“இஞ்சாருங்கோ, மேலை ஏதோ நெரியுது.”

“அது பலகை இறுகிற சத்தம்.”

“பலகை கீழை கிடக்கு. சத்தம் மேலை கேக்குது.”

“நான் கப்பலிலை எத்தினை தொன் தூக்கின ஆள்...”

அவர் வசனத்தை முடிக்கவில்லை. புகையிலை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. எங்கள் கூரை ஏறியிருந்தது. முகட்டு ஓடுகள் மூன்று சறுக்கி, இரண்டு முற்றத்திலும் ஒன்று நான் அரித்து வைத்திருந்த மாவுக்குள்ளும் விழுந்தன. குசினிக்குள் பகல் வெளிச்சம் புதிதாக ஒரு வழியால் வந்தது. தலை, மீசை, மூக்குக்கண்ணாடி எல்லாம் மாவாக நின்றவரைப் பார்த்து எனக்குத் திட்ட வாய் வரவில்லை. நிலத்தில் குந்தியிருந்து சிரித்தேன். சத்தம் கேட்டு வந்த தோட்டக்காரத் தம்பிதான் ஏணி வைத்து ஓட்டைச் சரிசெய்தார்.

அடுத்த நாள் இருவருமாக ஊர்காவற்றுறையில் வள்ளம் கட்டுகிற ஓடாவியாரிடம் போனோம். வளைத்த பலகையை வள்ளத்தோடு கவ்விப் பிடிக்க அவர்கள் திருகாணி வைத்த இரும்புக் கிளாம்ப் பாவிப்பதை நான் கண்டிருக்கிறேன். இரண்டு கேட்டேன்.

“என்ன தங்கச்சி, வள்ளம் கட்டப் போறியளோ?”

“இல்லை, புகையிலை நெரிக்க.”

ஓடாவியார் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, “அண்ணைக்குக் காய்ச்சல் எல்லாம் இப்ப சுகந்தானே?” என்று கேட்டார். ஆனால் கிளாம்ப்களைத் தந்தார்.

கூரையோடு சண்டை இல்லாமல் அவை தங்கள் வேலையைச் செய்தன. ஒவ்வொரு காலையும் இவர் ஒரு சுற்று இறுக்குவார். ஆனாலும் முதல் கட்டி பழுதாய்ப் போயிற்று. நான் பாணியைக் கூடுதலாகத் தெளித்திருந்தேன். திறந்தால் வெள்ளைப் பூஞ்சணம். மாட்டுக்கொட்டில் மணம். முழுவதையும் தென்னைக்குக் கீழே குழி வெட்டித் தாட்டோம். இரண்டாவது முறை இலையை அரைவாசிக் காயவிட்டுப் பிறகு அடுக்கினேன். இந்த முறை பொறுமையாக, வாரக்கணக்கில் வைத்திருந்தோம். இடைக்கிடை பெட்டியைத் திறந்து நான் மணந்து சொல்ல வேண்டும்.

“இண்டைக்கு என்ன?”

“இண்டைக்குப் பனாட்டு. வெயிலிலை காயுற பனம்பழக் களி மணம்.”

“வெறும் பனாட்டோ, பாணிப் பனாட்டோ?”

“பாணிப் பனாட்டு. பானையின்ரை அடியிலை கிடக்கிறது.”

“அப்ப சரி. பழுத்திட்டுது” என்றார்.

பெட்டியைக் கழற்றி எடுத்தபோது அது ஒரு கறுத்த கட்டியாக, விளிம்பெல்லாம் மினுங்கிக்கொண்டு வந்தது. மெல்லிய கத்தியால் ஒரு ஓரத்தைச் சீவினேன். ஏடு ஏடாக, வெளிறினதும் கறுத்ததுமாகக் கோடுகள் தெரிந்தன. இவர் ஒரு ஏட்டைக் கசக்கிச் சுங்கானில் போட்டுப் பற்றினார். “நாக்கைக் கடிக்கேல்லை” என்றார். மணம் தெரியாத ஒருவர் தரக்கூடிய மிகப் பெரிய சான்றிதழ் அது. வாழையிலையில் சுற்றி, அதற்கு மேலே துணி சுற்றி, அடுத்த நாள் காலமையே நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டோம்.

குறிகட்டுவான் துறையில் படகு நிறையச் சனம். அரிசி மூட்டை, மரக்கறிச் சாக்கு, காஸ் சிலிண்டர், கால் கட்டின கோழிகள். எஞ்சினுக்குக் கிட்டத்தான் எங்களுக்கு இடம் கிடைத்தது. நெடுந்தீவுப் பெண் ஒருவர் என் பக்கத்தில் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். படகு பாதிக் கடலுக்கு வந்து ஆடத் தொடங்கியபோது இவர் என் கையைப் பிடித்தார். பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் கண் இரண்டும் விரிந்து கிடக்கிறது.

“டீசல்!” என்றார்.

“என்ன?”

“டீசல் மணக்குது!” இம்முறை கத்திவிட்டார்.

எஞ்சின் பார்க்கிறவர் பாய்ந்து எழும்பினார். “எங்கை அண்ணை ஒழுகுது?” நாலைந்து பேர் எழும்ப, படகு ஒரு பக்கம் சரிந்தது. கோழிகள் கத்தின. யாரோ “முருகா” என்றார்கள், வேறு யாரோ “மாதாவே” என்றார்கள்.

“ஒழுகேல்லை, ஒழுகேல்லை! இருங்கோ! எனக்கு மணக்குது!”

“டீசல் எஞ்சினுக்குக் கிட்ட இருந்தால் பின்னை மல்லிகைப்பூவோ மணக்கும்?” என்றார் எஞ்சின்காரர் கோபமாக.

நான்தான் எல்லாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. காய்ச்சல், போன மணம், ஒரு வருசத்துக்கு மேலே ஒன்றுமே தெரியாமல் இருந்தது. வாழ்நாள் முழுக்க எஞ்சின் அறையில் இருந்த மனுசனுக்கு, திரும்பி வந்த முதல் மணம் டீசல். அந்தக் கறுப்புப் புகையை அவர் கோயிலில் கற்பூரத்தை ஒற்றிக்கொள்கிற மாதிரி இரண்டு கையாலும் முகத்துக்கு அள்ளினார்.

கதை தெரிந்ததும் படகு முழுக்கச் சோதிக்க வெளிக்கிட்டது. பக்கத்துப் பெண் பையைத் திறந்து, “அண்ணை, இதை மணந்து பாருங்கோ. இண்டைக்குத்தான் திரிச்சது” என்று யாழ்ப்பாணத்தில் திரித்த கறித்தூளை நீட்டினார். மணம் தெரியவில்லை. ஆனால் ஆறேழு தும்மல் வந்தது. முன்னுக்கு இருந்த ஒருவர் மாம்பழம் ஒன்றைக் கை மாற்றி அனுப்பினார். “இல்லை” என்றார் இவர். பிச்சிப்பூ வந்தது. “இல்லை.” ஒவ்வொரு ‘இல்லை’க்கும் படகே கவலைப்பட்டது. எஞ்சின்காரர் கடைசியில் மனமிளகி, எண்ணெய் துடைக்கிற சீலையைக் கொண்டுவந்து கொடுத்தார். “ஓம்!” என்றார் இவர். எல்லாரும் கை தட்டினார்கள். எங்கள் கட்டியையும் பிரித்து மணந்து பார்த்தார். தெரியவில்லை. திரும்பச் சுற்றி என்னிடம் தந்துவிட்டு, “பரவாயில்லை, அதுவும் வரும்” என்றார்.

சுவாமியார் இறங்குதுறையில் குடையோடு நின்றார். அவருடைய வீட்டில் சமைக்கிற அக்கா நண்டுக் குழம்பு வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு முன்னமே சுவாமியார் கட்டியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு ஏடு சீவிக் கசக்கிச் சுங்கானில் அடைத்து, கல்மதில் ஓரமாகப் போய் நின்று பற்ற வைத்தார். புகை காற்றில் கடல் பக்கம் போனது. நாங்கள் இருவரும் பரீட்சை எழுதின பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

முடித்துவிட்டுச் சாம்பலைத் தட்டினார். “ரீச்சர், உள்ளதைச் சொல்லட்டோ?”

“சொல்லுங்கோ சுவாமி.”

“பனங்கட்டி ஒரு பொட்டுக் கூடிப் போச்சு.”

“குறை சொல்லுறதெண்டால் திருப்பித் தாங்கோ, நான் கொண்டு போறன்.”

அவர் கட்டியை எடுத்து அங்கிக்குள் மறைத்துக்கொண்டார். “குறை எண்டு ஆர் சொன்னது? உது அடுத்த முறைக்கு” என்றார். பிறகு இவரைப் பார்த்து, “நீ செய்ததெண்டு நான் நம்பேல்லை, மச்சான்” என்றார்.

“எல்லாம் மனுசிதான். நான் கூரையைத்தான் கழட்டினனான்.”

சாப்பிட்டு முடிந்து படகுக்கு வரும்வரை அவர் இன்னும் இரண்டு முறை பற்றினார். விறாந்தையில் இருந்து இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக் கதைகள் கதைத்தார்கள். நானும் அங்கேயே, புகைக்குள்ளேயே இருந்தேன். அது எனக்கு அவ்வளவாகக் கரைச்சல் தரவில்லை.

மணம் அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. டீசலுக்குப் பிறகு கருவாடு. பிறகு சவர்க்காரம். கோப்பி மட்டும் நெடுநாள் எரிந்த றப்பர் மாதிரி மணந்ததாம். ஒருநாள் நான் இலை கலந்துகொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, “இதிலை நடு இலை காணாது” என்றார். கண்ணை மூடாமல், நான் ஒன்றும் சொல்லாமல், தானாகவே. எனக்குச் சந்தோசம் பொங்கியது. அந்தச் சந்தோசம் ஒரு கிழமைதான். மூக்கு வந்த பிறகு இவருக்கு என் கலவையில் ஆயிரம் நொட்டை. தோடம்பழத் தோல் கூடிப்போச்சு என்பார். சாராயம் காணாது என்பார். இப்போது வீட்டில் இரண்டு பெட்டி, இரண்டு கலவை. வெளிநாட்டு ரின்களும் திரும்பக் கடைகளுக்கு வந்துவிட்டன. சுவாமியாருக்கு யாரோ ஒன்று அனுப்பினார்களாம். அதை விருந்தாளிகளுக்கென்று அலுமாரியில் வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு கலவையில் எது திறம் என்று கேட்டால், பாவமன்னிப்புக் கேட்க யாரோ வந்திருக்கினம் என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறார்.

போன மாதம் கட்டியை மடியில் வைத்துக்கொண்டு குறிகட்டுவான் பஸ்ஸில் தனியே போனேன். ரிக்கற் தர வந்த கொண்டக்டர் நகராமல் நின்றார்.

“அக்கா, பைக்குள்ளை என்ன? நல்லாய் மணக்குது.”

“புகையிலை.”

“சும்மா சொல்லாதேங்கோ. ஏதோ பலகாரம்.”

துணியைப் பிரித்துக் காட்டினேன். குனிந்து மூச்சை இழுத்தார். திரும்பவும் இழுத்தார். அதற்குள் புங்குடுதீவுச் சந்தி பின்னால் போய்விட்டது. இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் எழும்பி நின்று கத்தினார்கள். அவசரமாக மணியை அடித்துப் பஸ்ஸை நிறுத்தி, ஏச்சு வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக அவர்களை இறக்கிவிட்டார்.